நாலாயிரத்து ஐந்நூறு அடிகள் எங்கே போயின?

1897ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் ஒரு செய்யுள் நாடகம் அரங்கேறியது. எழுதியவர் எத்மோன் ரோஸ்தான். பெயர் 'சிரானோ தெ பெர்ஜராக்'. மேடையில் வசன நாடகம் வேரூன்றிவிட்ட காலம் அது. அப்போது ஒருவர் முழு நாடகத்தையும், அடிக்குப் பன்னிரண்டு அசை, இரண்டிரண்டு அடிக்கு ஈற்றியைபு என்ற பழைய பிரெஞ்சு யாப்பில் எழுதி, ஜெயித்தும் காட்டினார்.

அதே 1897இல் திருவிதாங்கூரின் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 42 வயதில் இறந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1891இல், 'மனோன்மணீயம்' என்ற செய்யுள் நாடகத்தை அச்சிட்டிருந்தார். அதே 1897இல் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற்கலைஞர் 'நாடகவியல்' வெளியிட்டார். தமிழில் நாடகம் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அந்த இலக்கணத்தையும் அவர் செய்யுளில்தான் எழுதினார்.

அந்தக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. நான் குடியிருக்கும் இரும்புலியூர், பைபாஸ் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் சேரும் இடம். அங்கிருந்து கல்லூரிக் காட்டுக்குத் தண்டவாளத்தைத் தாண்டினால் போதும். பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, ஒரு கேள்வி ரொம்ப நாளாக என்னோடு இருக்கிறது. பிரெஞ்சுச் செய்யுள் நாடகம் 1950இல் ஆங்கிலப் படமானது, செய்யுளோடு. தமிழ்ச் செய்யுள் நாடகம் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1942இல், படமாகிவிட்டது. ஆனால் அதன் செய்யுள் படத்துக்குள் போகவில்லை. ஏன்?

முதலில் பிரெஞ்சுக்காரர் கதை. சிரானோ வாள்வீரன், கவிஞன். மூக்கு மட்டும் முகத்துக்கு மீறின நீளம். ரொக்ஸான் என்ற பெண்ணை விரும்புகிறான். இந்த மூக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவளோ கிறிஸ்தியான் என்ற அழகனை விரும்புகிறாள். அவனுக்குப் பேச வராது. சிரானோ அவனுக்காகக் கடிதம் எழுதுகிறான். இரவில் உப்பரிகைக்குக் கீழே இருட்டில் நின்று அவனுக்காகப் பேசுகிறான். முத்தம் அழகனுக்கு, சொல் மூக்கனுக்கு.

இந்தக் கதையில் செய்யுளை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. முதல் அங்கத்தில் சிரானோ வாட்சண்டை போட்டுக்கொண்டே ஒரு பாடல் கட்டுகிறான்; பாட்டு முடியும் அடியில் எதிராளியைக் குத்துகிறான். ரொக்ஸான் மயங்குவது முகத்தில் என்று நினைக்கிறாள். உண்மையில் மயங்குவது சொல்லில். வீடு கட்டுகிறவர்கள், சும்மா இடத்தைப் பிரிக்கும் சுவர் வேறு, கூரையைத் தாங்கும் சுவர் வேறு என்பார்கள். சிரானோவில் செய்யுள் தாங்கும் சுவர்.

ஆங்கிலத்துக்கு வரும்போது முதல் சிக்கல் ஈற்றியைபு. பிரெஞ்சில் ஒரே ஓசையில் முடியும் சொற்கள் ஏராளம். ஆங்கிலத்தில் குறைவு, இரண்டு மணி நேரம் இரட்டை இரட்டையாக இயைபு கேட்டால் குழந்தைப் பாட்டு மாதிரி ஆகிவிடும். 1923இல் வால்டர் ஹாம்ப்டன் என்ற நடிகருக்காக பிரையன் ஹூக்கர் மொழிபெயர்த்தபோது, பேச்சுப் பகுதிகளுக்கு ஈற்றியைபை விட்டுவிட்டு, ஷேக்ஸ்பியர் பழக்கிக் கொடுத்த இயைபில்லா ஐஞ்சீரை எடுத்துக்கொண்டார். அதாவது பிரெஞ்சுக் காதுக்குப் பழகிய யாப்புக்குப் பதிலாக ஆங்கிலக் காதுக்குப் பழகிய யாப்பு. எங்கள் தொழிலில் ஒரு மென்பொருளை வேறு இயங்குதளத்துக்கு மாற்றும்போது இதே வேலைதான்: வரிக்கு வரி பெயர்க்கக் கூடாது, அந்தத் தளத்தில் அதே வேலையைச் செய்யும் வழக்கம் எது என்று தேட வேண்டும்.

அந்த மொழிபெயர்ப்பை வைத்து ஹோசே ஃபெரர் 1946இல் பிராட்வேயில் நடித்தார். 1950இல் ஸ்டான்லி கிராமர் தயாரிப்பு, கார்ல் ஃபோர்மன் திரைக்கதை, மைக்கேல் கார்டன் இயக்கம். செலவு குறைந்த படம். செட்டைப் பார்த்தாலே தெரியும், சில இடங்களில் மேடை மாதிரியே இருக்கும். ஆனால் ஃபெரரின் குரல் ஹூக்கரின் அடிகளைச் சொல்லும்போது அது செய்யுள் என்பதே நமக்கு மறந்துபோகும். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. பிறகு 1990இல் ரப்பெனோ இயக்கிய பிரெஞ்சுப் படத்துக்கு ஆங்கிலத் துணையெழுத்து அந்தோணி பர்ஜஸ் செய்தார்; அதில் இயைபையும் கொண்டுவந்தார்.

இப்போது நம்மவர்.

மனோன்மணீயமே ஒரு பெயர்ப்புதான். இங்கிலாந்தின் லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைப்பாடல் அதன் மூலம். இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு 1878இல் வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்த வைஸ்ராய் லிட்டன் இருக்கிறாரே, அவருடைய தகப்பனார் இவர். மகன் மொழிகளுக்குப் பூட்டுப் போட்டார். தகப்பன் பாட்டிலிருந்து பிறந்த நூலின் கடவுள் வாழ்த்துப் பகுதிதான் இன்று நம் தமிழ்த்தாய் வாழ்த்து. வரலாறு சில சமயம் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

லிட்டனின் கதை எங்கோ சித்திய நாட்டில் நடக்கிறது. சுந்தரம் பிள்ளை அதைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்தார். ஜீவகன் என்ற பாண்டியன், குடிலன் என்ற மந்திரியின் பேச்சைக் கேட்டு, மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். அவன் மகள் மனோன்மணியும் சேர அரசன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவில் மட்டுமே கண்டு காதலிக்கிறார்கள். நாஞ்சில் நாட்டை முன்னிட்டுப் போர் வருகிறது. பாண்டியன் தோற்கிறான். குலகுருவான சுந்தர முனிவர் அரண்மனைக்கு இரகசியமாக ஒரு சுரங்கம் தோண்டி வைத்திருக்கிறார். குடிலன் அதைக் கண்டுபிடித்துச் சேரனிடம் காட்டிக்கொடுக்கப் போகிறான். சேரன் அவனுக்கே விலங்கு போட்டு, சுரங்கம் வழியாக மணப்பந்தலுக்கு வந்து சேர்கிறான். கனவில் கண்டவனை நேரில் கண்ட பெண் மாலையிடுகிறாள்.

லிட்டன் தம் பாட்டை ஈற்றியைபு இல்லாமல் எழுதியிருந்தார். சுந்தரம் பிள்ளை அதற்கு ஈடாகப் பெரும்பாலும் ஆசிரியப்பாவைத் தேர்ந்தார். தமிழில் பேச்சுக்கு மிக அருகில் நிற்கும் பா அகவல்தான். ஈற்றில் இயைபு வேண்டாம், இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரு அடியை இரண்டு பாத்திரங்கள் பங்கிட்டுப் பேசலாம். பின்னால் ஹூக்கர் ஆங்கிலத்தில் எடுத்த அதே முடிவை, அவருக்கு முப்பது வருடங்களுக்கு மேல் முன்பே இவர் தமிழில் எடுத்துவிட்டார். 5 அங்கங்கள், 20 களங்கள், சுமார் 4,500 அடிகள்.

1942இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இதை 'மனோன்மணி' என்று படமாக்கியது. இயக்கம் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். படத் தயாரிப்பையும் ஒரு மில் நடத்துவது போல நேரம் தவறாமல் நடத்தினார் என்று பேர். அவருக்குப் பிரெஞ்சுக் கதையும் புதிதல்ல: 1940இல் அவர் எடுத்த 'உத்தம புத்திரன்', அலெக்சாந்தர் துமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதைதான், தமிழின் முதல் இரட்டை வேடப் படம். அதில் நடித்த பி.யு. சின்னப்பாவே மனோன்மணியிலும் நாயகன். நாயகி டி.ஆர். ராஜகுமாரி.

சுந்தரம் ஏன் இந்தக் கதையை எடுத்தார் என்று யோசிக்கவே தேவையில்லை. கனவுக் காதல், சூழ்ச்சி மந்திரி, போர், சுரங்கம், கடைசி நிமிடத்தில் மணப்பந்தலில் நுழையும் நாயகன். இதைவிட ஒரு சினிமாக்காரனுக்கு என்ன வேண்டும்?

ஆனால் கதை வேறு, அடிகள் வேறு. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் களத்தை வாய்விட்டுப் படித்து, கைபேசியில் நேரம் பிடித்தேன். நிதானமாகப் படித்தால் அடிக்குச் சராசரி நாலு நொடி. 4,500 அடிக்கு 18,000 நொடி, அதாவது ஐந்து மணி நேரம். அன்றைய தமிழ்ப் படங்கள் நீளமானவைதான், அதற்காக ஐந்து மணி நேரமா? போதாக்குறைக்கு, போர்க்காலத்தில் பிலிம் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கமே வரம்பு கட்டியது. இரண்டு மணி நேரத்துச் சுருள். செய்யுளுக்கும் அடி, பிலிமுக்கும் அடி. இரண்டாவது அடிதான் பணம் கேட்டது.

நேரம் மட்டும் காரணமில்லை. வெட்டிச் சுருக்கலாமே, ஃபோர்மனும் சிரானோவை வெட்டித்தான் சுருக்கினார். இரண்டாவது காரணம், தமிழ் மேடையின் வழக்கம். மனோன்மணீயம் அச்சான அதே 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் மேடை வசனத்தின் மேடை. மறுபக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த கம்பெனி நாடகங்கள் பாட்டின் மேடை. சின்னப்பா அந்தப் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பிள்ளை. ஒன்று பேசு, இல்லை பாடு. பாடாமல், சாதாரணமாகவும் பேசாமல், யாப்பில் பேசுவது என்ற மூன்றாவது வழக்கம் நம் மேடையில் உருவாகவே இல்லை. ஃபெரருக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு ஷேக்ஸ்பியர் நடிப்பு இருந்தது. சின்னப்பாவுக்கு அகவலைச் சொல்லிக் காட்ட முன்னோடி யார்? மனோன்மணீயமே நடிப்பதைவிடப் படிக்க எழுதப்பட்ட நூல்.

மூன்றாவது காரணம் புணர்ச்சி. கல், தூண் என்றால் யாருக்கும் புரியும். கற்றூண் என்று காதில் விழுந்தால் ஒரு நொடி யோசிக்க வேண்டும். செய்யுளில் சொற்கள் இப்படிச் சேர்ந்து சேர்ந்து வரும். கண் திரும்பிப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும். காதுக்குத் திரும்பிப் போக வழியில்லை. டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு அந்த ஒரு நொடி பெரிய தூரம்.

ஆனால் என் மனசுக்கு முக்கியமான காரணம் நான்காவது. மனோன்மணியும் புருடோத்தமனும் காதலிப்பது கனவில். அங்கே சொல்லே இல்லை. ரொக்ஸான் போலச் சொல்லுக்கு மயங்கும் யாரும் இந்தக் கதையில் இல்லை. எனவே செய்யுளைத் தூக்கிவிட்டாலும் கதை அப்படியே நின்றது. மனோன்மணீயத்தில் கூரையைச் சுரங்கம் தாங்குகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், தாம்பரம் கார்ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய தமிழ்ப் பாடமெல்லாம் நினைவு வைத்திருப்பார். மனோன்மணீயம் என்று எடுத்தேன்.

"அட, அதுல ஒரு சொரங்கம் வரும்ல தம்பி? அந்த மந்திரிப் பய காட்டிக் குடுப்பானே!"

"ஆமாங்கய்யா. அதுல ஏதாவது அடி ஞாபகம் இருக்குங்களா?"

"அடியா? தமிழ்த்தாய் வாழ்த்துதான் தெரியுமே. மத்ததெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கும்?"

படமும் அதைத்தான் செய்தது. கதையை வைத்துக்கொண்டது.

அப்படியானால் தமிழ் சினிமாவில் செய்யுள் செத்துப்போனதா? இல்லை, இடம் மாறியது. அதே 1942இல் அதே சின்னப்பா கோவலனாக நடித்த 'கண்ணகி' வந்தது. அதுவும் அகவலில் எழுந்த காப்பியத்தின் கதை. வசனம் எழுதிய இளங்கோவன் சிலம்பின் அடிகளை அப்படியே எடுக்கவில்லை. உரைநடையைச் செய்யுள் போல ஒலிக்கச் செய்தார். ஜனம் வசனத்துக்காகவே படம் பார்க்கத் தொடங்கியது. எட்டு ஆண்டு கழித்து, ஹாலிவுட்டில் ஃபெரர் மூக்கை ஒட்டிக்கொண்ட அதே 1950இல், சேலத்தில் அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி' எடுத்தது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற, தமிழ் தெரியாத அமெரிக்கர் இயக்குநர்களில் ஒருவர். கதை வசனம் மு. கருணாநிதி, குண்டலகேசிக் கதையிலிருந்து அவர் எழுதிய நாடகம். அந்த அடுக்குமொழியைக் கவனித்துக் கேளுங்கள். மோனை இருக்கிறது, எதுகை இருக்கிறது, மூச்சு விடும் இடம்கூடச் சீர் பிரித்த மாதிரி இருக்கிறது. தளை மட்டும் இல்லை. அகவலின் எலும்பைக் கழற்றிவிட்டு நரம்பை மட்டும் வைத்துக்கொண்ட உரைநடை அது. புணர்ச்சியைப் பிரித்துவிட்டதால் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் புரிந்தது.

ஆக, யாப்பின் ஓசை வசனத்துக்குப் போனது. பண் பாட்டுக்குப் போனது. கடவுள் வாழ்த்து அரசாணைக்குப் போனது: 1970இல் முதலமைச்சராக இருந்த அதே கருணாநிதி அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஆக்கினார். எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் இசையமைத்தார். சில அடிகள் நீக்கப்பட்டன. 2021இல் அதை மாநிலப் பாடல் என்று அறிவித்தபோது, பாட வேண்டிய நேரம் 55 நொடி என்றும் ஆணையிலேயே சொல்லிவிட்டார்கள். என் ஐந்து மணி நேரக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த 55 நொடிக்கு எழுந்து நிற்கிறோம்.

சிரானோ தமிழுக்கும் வந்தார், வேறு பாதையில். கே. பாலசந்தரின் 'டூயட்' (1994) அந்த நாடகத்தின் தூண்டுதலில் வந்த படம். நீண்ட மூக்கு இங்கே பிரபுவின் பருத்த உடம்பாயிற்று. வாளுக்குப் பதில் சாக்ஸபோன், அதை உண்மையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். வைரமுத்துவின் கவிதைகளைப் பிரபு சொல்ல, அடியில் ஏ.ஆர். ரஹ்மானின் இசை ஓடுகிறது. செய்யுள் நாடகம் ஒன்று தமிழுக்கு வந்து இசைப்படமானது தற்செயல் இல்லை. நம்மிடம் சொல்லின் மயக்கத்தைக் காட்டப் பழகிய இடம் பாட்டு ஒன்றுதான்.

யோசித்தால், உப்பரிகைக் காட்சி நமக்கு அந்நியமே இல்லை. ஒருவர் எழுதுகிறார், ஒருவர் இருட்டில் நின்று குரல் கொடுக்கிறார், அழகான ஒருவர் வெளிச்சத்தில் வாயசைக்கிறார், கனவுக்கன்னி அவரைக் காதலிக்கிறாள். இது பின்னணிப் பாடல் அல்லாமல் வேறென்ன? 1938இல் ஏ.வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் தொடங்கி வைத்த வழக்கம், பிற்பாடு தமிழ் சினிமாவின் விதியே ஆனது. டி.எம். சௌந்தரராஜன் எத்தனை நாயகர்களுக்கு சிரானோவாக நின்றார்! 1942இன் சின்னப்பாவும் ராஜகுமாரியும் சொந்தக் குரலில் பாடினவர்கள். முகமும் குரலும் ஒரே ஆளிடம் இருந்த கடைசித் தலைமுறை அவர்களுடையது. அகவலைப் பேசிப் பார்க்க ஒரு வாய்ப்பு இருந்தது என்றால் அது அப்போதுதான்.

போகட்டும், செய்யுள் போனதால் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். நாடகத்தில் நடராசன் என்ற பாத்திரம் வயல்வெளியில் தனியாக நிற்கிறான். சிறு புல்லைப் பார்க்கிறான், வாய்க்காலைப் பார்க்கிறான், பிறகு ஒரு நாங்கூழ்ப் புழுவைப் பார்க்கிறான். மண்புழு. அது மண்ணைத் தின்று, இளக்கி, மேலே கொண்டுவந்து போட்டு உழவனுக்கு உதவுவதை வியந்து, அதனோடு பேசுகிறான். மண்புழுக்களின் உழைப்பைப் பற்றி டார்வின் புத்தகம் எழுதிப் பத்தே ஆண்டுகளில், ஒரு தமிழ் நாடகப் பாத்திரம் அதே உழைப்பை அகவலில் பாராட்டுகிறான். கதைக்கு இது ஒரு அங்குலம்கூட உதவாது. சுரங்கம்தான் கதையை நகர்த்துகிறது. புழு எதையும் நகர்த்துவதில்லை, மண்ணைத் தவிர. படமெடுக்கிறவர் முதலில் வெட்டும் இடம் இதுவாகத்தான் இருக்கும். தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் சுந்தரம் பிள்ளை என்ற மனிதர் இருப்பது அந்தப் புழுவிடம். சுரங்கம் லிட்டனுடையது.

அதனால்தான் முழு நாடகத்தையும் செய்யுளோடு யாராவது ஒருமுறையாவது ஒலியாகவேனும் செய்து பார்க்க வேண்டும் என்கிறேன். ஃபெரரின் படத்துக்கு முன்னால் ஹூக்கர் இருந்தார், ஹாம்ப்டன் இருந்தார், மேடையில் பல நூறு இரவுகள் இருந்தன. நமக்கு அந்த நடுப்படி விடுபட்டுவிட்டது. அச்சிலிருந்து நேரே கேமராவுக்குத் தாவிவிட்டோம். இன்றைக்கு அந்தப் படியைக் கட்டப் பெரிய செலவு இல்லை. சந்தி பிரித்த பிரதி ஒன்று, வாய் திருந்திய நாலைந்து நடிகர்கள், ஒரு மைக். ஐந்து மணி நேரம் என்பது இப்போதைய வெப் சீரிஸ்காரர்களுக்கு ஒரு பருவம்கூட இல்லை. ஒரு அங்கம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஐந்து பகுதி. கணக்கும் சரியாக வருகிறது.

கிறித்தவக் கல்லூரியிலோ, திருநெல்வேலியில் அவர் பேரிலேயே இருக்கும் பல்கலைக்கழகத்திலோ, நாடகம் பழகும் பிள்ளைகள் மூன்றாம் அங்கத்திலிருந்து தொடங்கலாம். நடராசன் புழுவோடு பேசும் இடம். ஒரே நடிகர் போதும், செட்டும் வேண்டாம். மழை விட்ட மறுநாள் என்றால் புழுவுக்கும் பஞ்சமில்லை.